தேதி காலியில்லை

1

ஊரில் இருந்து இந்தப் பத்திரிகையில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் குறிப்பைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். நான் மலாயாவில் உள்ள இந்த ஜொகூருக்கு வந்து இந்த மாதத்தோடு இருபது வருஷம் ஆகிறது. அதையொட்டி இங்குள்ள மழையைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் இனிமையாக நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் காகிதம் எடுத்தேன். எழுத வரவில்லை. பல வாரமாக மனத்தில் உதைபந்து ஒன்றுதான் உருண்டுகொண்டிருக்கிறது.

ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் நான் தலைமைக் குமாஸ்தா. கல்லூரி என்று பெயரே தவிர நம்மூர்க் கணக்கில் அது ஹைஸ்கூல்தான். என் மகன் சுந்தரம் அங்கே கடைசி வகுப்புப் படிக்கிறான். உதைபந்து அணிக்கு அவன் கேப்டன். இந்த வருஷம் அவர்கள் பதினோரு ஆட்டம் ஆடினார்கள், பதினொன்றிலும் ஜெயித்தார்கள்.

கல்லூரி மண்டபத்தில் ஒரு பெரிய கறுப்புப் பலகை தொங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் கேப்டனின் பெயர் அதில் தங்க எழுத்தில் ஏறும். இந்த வருஷம் பெயருக்குப் பக்கத்தில் 'தோல்வி காணாதவர்கள்' என்றும் எழுதவேண்டும் என்று தலைமையாசிரியரான வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். அந்த வார்த்தை இதுவரை அந்தப் பலகையில் ஏறியதில்லை. தமிழன் ஒருவனின் பெயரும் ஏறியதில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் என் வீட்டில் சின்னதாக ஒரு தேநீர் விருந்து வைத்தேன். செடெனாக் ஸ்டேஷன் மாஸ்டர் இளையதம்பி ரயிலேறி வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு இருபது வருஷ சிநேகிதர். சுந்தரத்துக்கு முதல் பந்தை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்:

"எல்லாம் சரி. ஆனா லிஸ்ட் லேசான லிஸ்ட்."

"என்ன மாஸ்டர் லேசு?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"ஆசுப்பத்திரிக்காரரோட ரெண்டு தரம். சர்வே கந்தோரோட ரெண்டு தரம். உந்தச் சர்வேக்காரருக்குப் பந்து வெளியிலை போனா எடுத்துக் குடுக்கவே ஆள் வேணும். பதினொண்டிலை ஏழு உங்கட சொந்தத் திடலிலை. பாலத்துக்கு அங்காலை சிங்கப்பூருக்கு ஒருக்காலும் போகேல்லை. உது என்ன வெற்றி?"

"எதிர்ல வந்து நின்னவனைத்தானே ஜெயிக்க முடியும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஆரை வந்து நிக்க விட்டியள்? எங்கட செடெனாக் தோட்டத்துப் பெடியள் மூண்டு தரம் உங்கட காலேஜுக்குக் காயிதம் போட்டவங்கள். மறுமொழி இல்லை. அவங்களோட ஒருக்கா விளையாடியிருந்தா உந்தப் பலகைக்குப் பெயின்ட் வாங்க வேண்டி வந்திராது."

சுந்தரம் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்படி ஒரு லெட்டர் வரவே இல்ல," என்றேன். "காலேஜுக்கு வர்ற லெட்டரெல்லாம் என் கைக்குத்தான் வருது."

"அப்ப தபாற்காரன் திண்டிட்டான் போல."

என் வீட்டில் உட்கார்ந்து என் வடையைத் தின்றுகொண்டு என்னையே பொய்யன் என்கிறாரா என்று கேட்டேன். இன்னும் நாலைந்து வார்த்தை சொன்னேன், அவற்றை இங்கே எழுதமுடியாது. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இருபது வருஷத்தில் அவர் என் வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போனது அன்றுதான்.

2

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று சொல்லவேண்டும். யாரோடு ஆடுவது, எந்தத் தேதியில் ஆடுவது என்று அட்டவணை போடுகிறவனே நான்தான். விளையாட்டு ஆசிரியர் ஒரு வெள்ளைக்காரர். வருஷ ஆரம்பத்தில், "நீயே எழுதிப் போட்டுவிடு" என்று சொல்லிவிட்டு டென்னிஸ் ஆடப் போய்விடுவார். நான் கடிதம் டைப் அடிப்பேன், பதில் வரும், தேதி குறிப்பேன். ஆகவே லிஸ்ட் லேசு என்று ஒருவர் சொன்னால், என் மகனின் காலையும் என் கையையும் ஒரே மூச்சில் குறை சொல்கிறார் என்று அர்த்தம்.

அடுத்த மூன்று நாள் நான் மனத்துக்குள் இளையதம்பியோடு வாதாடிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். ஆஸ்பத்திரி அணியில் மூன்று பேர் ஒரு காலத்தில் பினாங்கில் ஆடியவர்கள். ஒரு காலம் என்பது எந்தக் காலம் என்று அவர் கேட்பார். சர்வேக்காரர்கள் எங்களுக்கு ஒரு கோல் போட்டார்கள். அது எங்கள் பையன் காலில் பட்டுத் திரும்பிய கோல்தானே என்பார். ஜெயிக்கவே முடியாத வாதம். பலசாலி யார் என்று தெரியவேண்டுமானால் இன்னொரு பலசாலி வேண்டும், அந்த இன்னொருவனை அழைக்கிற வேலை என்னுடையது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு நல்ல அணி எங்களைக் கேட்டு எழுதியிருந்தது. அந்த வாரம் சுந்தரத்துக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. 'வருந்துகிறோம், எங்களுக்குத் தேதி காலியில்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரி அடித்து அனுப்பினேன். தேதி காலியாகத்தான் இருந்தது. தகப்பன் செய்கிற காரியம் என்று அதை அப்போதே மன்னித்துக்கொண்டேன்.

அந்த வரி எனக்குப் புதிது அல்ல. முசிறிப் பக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்திலும் ஒரு அணி இருந்தது. நான் வலது ஓரத்தில் ஓடுவேன். டவுனில் இருந்த பெரிய கல்லூரியோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிடவேண்டும் என்று எங்களுக்கு வெறி. பனியன்களுக்கு மஞ்சள் சாயம் ஏற்றி உலர்த்தி வைத்திருந்தோம். எங்கள் வாத்தியார் எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதில் வந்தது. வகுப்பில் நின்று அவர் அதைப் படித்தார்: 'எங்களுக்கு இவ்வருஷம் தேதி காலியில்லை.' அந்த வருஷம் அவர்கள் மொத்தம் நாலே ஆட்டம் ஆடினார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கப்பலேறியபோது பெட்டி படுக்கையோடு அதையும் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். வந்த இடத்தில் அதே வரியை டைப் அடித்துச் சம்பளம் வாங்குகிறேன். இதை எல்லாம் அந்த மூன்று நாளில் நான் யோசிக்கவில்லை. இளையதம்பியை எப்படி மடக்குவது என்றே யோசித்தேன்.

வீட்டில் சுந்தரம் வேறு. "அப்பா, நெஜமாவே லெட்டர் வரலயா?" என்று தினம் கேட்டான்.

"வரலடா."

"அங்கிள் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அவருக்குப் பொறாமை."

"சுடா லா, அப்பா," என்றான். போதும் என்பதை மலாயில் சொல்வான். அவன் மலாய் பேசுவான், இங்கிலீஷ் பேசுவான், ஹொக்கியன் சீனத்தில் கடைக்காரனோடு சண்டை போடுவான். தமிழ் பேசுவான், படிக்க வராது. நான் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன், பிரம்பைக்கூட எடுத்திருக்கிறேன். 'உங்க ஊரு' என்றுதான் முசிறியைச் சொல்வான், 'நம்ம ஊரு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

3

சனிக்கிழமை மதியம் கல்லூரி காலியாக இருக்கும். நான் ஆபீசைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த வருஷம் வந்த எல்லாக் கடிதத்தையும் பார்த்து, 'செடெனாக்கிலிருந்து எந்தக் கடிதமும் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தக் காகிதத்தை இளையதம்பியின் மேஜையில் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்பது என் திட்டம். விளையாட்டுக் கோப்பு முழுவதும் பார்த்தேன். பொதுக் கோப்பையும் பார்த்தேன். இல்லை. எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

காகிதத்தை மிஷினில் மாட்டும்போது அலமாரிக்கு மேலே இருந்த பிஸ்கட் டின் கண்ணில் பட்டது.

அந்த டின்னைப் பற்றிச் சொல்லவேண்டும். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டங்களில் ஆட்களை நிறுத்துகிறார்கள். நிறுத்தப்பட்டவர்கள் கண்ணில் பட்ட விலாசத்துக்கெல்லாம் வேலை கேட்டு எழுதுகிறார்கள். தோட்டவேலை, பியூன் வேலை, கூட்டுகிற வேலை, எதுவானாலும் சரி என்று எழுதுவார்கள். எல்லாம் தமிழில் வரும். விலாசத்தை மட்டும் யாரையாவது பிடித்து இங்கிலீஷில் எழுதி வாங்கியிருப்பார்கள், ஓரத்தில் 'காலேஜ் துரை அவர்கள் சமூகம்' என்று தமிழில் இருக்கும். ஆரம்பத்தில் நான் எல்லாவற்றையும் பிரித்துப் படித்துத் துரையிடம் சொன்னேன். "வேலை இல்லை. பதில் எழுதவேண்டியதும் இல்லை" என்றார் அவர். அதற்குப் பிறகும் சில நாள் படித்தேன். படித்தால் மத்தியானச் சாப்பாடு இறங்காது. பதிலும் எழுதக்கூடாது, வேலையும் கொடுக்கமுடியாது, பின்னே எதற்குப் பிரிப்பது என்று ஒரு நாள் தோன்றியது. அன்றிலிருந்து ஓரத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே டின்னில் போட்டேன். எங்கள் ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் தமிழ்க் கடிதங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. வேறு யாராவது மேஜையில் விழுந்திருந்தால், இது என்ன என்று என்னிடம் கேட்கவாவது வந்திருப்பார்கள்.

டின்னைக் கவிழ்த்தேன். நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகக் கிழித்தேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியும், ஐந்து வருஷம் கணக்கெழுதினேன் என்று இன்னொருவர். அவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நடுவில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, மேலாக ஒன்று என்று மூன்று கடிதம் ஒரே கையெழுத்தில் இருந்தன. செடெனாக் தோட்டம் என்று இருந்தது.

4

கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சுந்தரத்தின் முன்னால் வைத்தேன். அவன் எடுத்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். "படிங்க," என்றான். அவனுக்குப் படித்துக் காட்டினேன். முதல் கடிதம் இது:

'கனம் பொருந்திய காலேஜ் பந்து டீம் துரை அவர்கள் சமூகத்துக்கு, செடெனாக் தோட்டம் பந்து டீம் கேப்டன் மாரிமுத்து எழுதிக்கொண்டது. போன மாசம் நாங்கள் ரயிலேறி வந்து உங்கள் ஆட்டம் ஒன்று பார்த்தோம். நல்ல ஆட்டம். உங்கள் கேப்டன் இடது காலால் அடிக்கிற பந்து ரொம்ப நல்ல பந்து. அதை எங்கள் கோல் காக்கிற சின்னையன் பிடிப்பானா மாட்டானா என்று இங்கே நாங்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரே வாக்குவாதமாக இருக்கிறது. ஆகையால் எங்களோடு ஆட ஒரு ஞாயிற்றுக்கிழமை தேதி கொடுக்கவேண்டியது. ரயில் செலவு எங்களைச் சேர்ந்தது. சாப்பாடு கட்டிக்கொண்டு வருவோம்.'

சுந்தரம் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டான். இரண்டாவது கடிதம் சின்னது:

'முதல் கடிதம் கிடைத்திருக்கும். எங்களிடம் பூட்ஸ் இல்லாததால் பதில் வரவில்லை என்று பேசிக்கொண்டோம். இப்போது ஐந்து ஜோடி சேர்த்துவிட்டோம். மற்ற ஆறு பேர் வெறுங்காலோடு ஆடுவார்கள். உங்கள் பிள்ளைகள் தெரியாமல் மிதித்துவிட்டாலும் நாங்கள் குற்றம் சொல்லமாட்டோம்.'

மூன்றாவதைப் படிக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

'தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். எங்கள் டீமில் ஏழு பேருக்குப் பேர் வந்திருக்கிறது. எனக்கும் வந்திருக்கிறது. மாசக் கடைசியில் கப்பல். அதற்குள் எந்த நாள் கொடுத்தாலும் வருகிறோம். முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி எழுதவேண்டியது. ஆட்கள் பால் வெட்டி முடித்ததும் தினம் ஸ்டேஷனுக்குப் போய்த் தபால் வந்ததா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இல்லை என்று தெரிந்தால் சும்மா இருப்பார்கள்.'

இளையதம்பிக்கு எப்படித் தெரியும் என்று அப்போது புரிந்தது. அவருடைய ஜன்னலில்தான் அவர்கள் தினம் வந்து கேட்டிருக்கிறார்கள்.

சுந்தரம் மூன்று கடிதத்தையும் மடித்து என்னிடம் தந்தான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியலன்னு எத்தன வாட்டி ஏசியிருக்கீங்க?"

நான் கடிதங்களைத் திரும்ப உறைக்குள் போட்டேன்.

"எனக்குத் தெரியாது, அதனால படிக்கல. உங்களுக்குத் தெரியும். நீங்க தெறக்கவே இல்ல."

அவனை அடிக்கலாம்போல் இருந்தது. உண்மையாகவே கை எழுந்தது. அப்படி ஒரு ஆத்திரம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை. அவன் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது.

5

மறுநாள் ஞாயிறு. இரண்டு பேரும் காலை ரயிலில் செடெனாக் போனோம். சுந்தரம் பூட்ஸையும் பந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது கடிதத்தில் சொன்ன மாசக்கடைசி போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

ஸ்டேஷனில் இளையதம்பி பச்சைக்கொடியோடு நின்றார். எங்களைப் பார்த்தார், என் கையிலிருந்த கடிதங்களைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"உதுகளைப் பிறகு கதைப்பம்," என்றார். "நான் சொன்னது உம்மட பெடியனுக்கு எதிரா இல்லை. அவங்கள் ஒவ்வொரு நாளும் வந்து கேட்டவங்கள். நான் ஒவ்வொரு நாளும் இல்லை இல்லை எண்டு சொன்னன். ஏழு பேரையும் இந்தப் பிளாட்போர்மிலைதான் ஏத்தி அனுப்பினது." அவர் கண் கலங்கியிருந்தது. "லயத்துக்குப் பின்னால போங்கோ. சின்னையன் நிப்பான்."

ரப்பர் மரங்களுக்கு நடுவே வெட்டி எடுத்த ஒரு திடல். சதுரமாகக்கூட இல்லை, ஒரு பக்கம் சரிவு. கம்பு நட்டுக் கோல் செய்திருந்தார்கள். பந்து ஆடி வெகுநாள் ஆனது புல்லைப் பார்த்தாலே தெரிந்தது. சின்னையன் இருபத்திரண்டு வயசுக்காரர், ஒல்லியாக, கை மட்டும் நீளமாக இருந்தார். என்னையும் என் கையிலிருந்த கடிதங்களையும் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டார்.

"வாங்க ஐயா. காலேஜ் கிராணி ஐயாவா? லெட்டர் கெடச்சுதுங்களா?" என்றார். குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள்.

"கெடச்சுது," என்றேன். "நான்தான் பிரிக்கல. தப்பு என்னோடது."

அவர் கத்துவார், நாலு வார்த்தை கேட்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். கேட்டிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

"பெரிய எடம். ஆயிரம் சோலி இருக்கும்," என்றார். "நாங்க பூட்ஸுதான் காரணம்னு நெனச்சோம். அஞ்சு ஜோடி வாங்குனோம். அதயும் அவங்க கப்பலுக்குப் போட்டுக்கிட்டுப் போய்ட்டாங்க."

"மாரிமுத்துவுக்கு எந்த ஊர்?"

"தொறையூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க. எந்தக் கிராமம்னு அவனுக்கே சரியாத் தெரியாதுங்க. ரெண்டு வயசுல வந்தவன். அங்க யாரு இருக்காங்கன்னு கேட்டா சிரிப்பான்."

இந்த இடத்தில் ஊரில் உள்ளவர்கள் சற்று நின்று கேட்கவேண்டும். 'கூலிகள் தாயகம் திரும்புகிறார்கள்' என்று உங்கள் பத்திரிகைகளில் போடுகிறார்களே, அது இதுதான். விலை இருந்தபோது பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. விலை விழுந்ததும் ஒரு காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டினார்கள், ரயிலில் ஏற்றினார்கள், நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்கள். அந்த மனிதருக்கு ஊர் செடெனாக். வாக்குவாதம் செய்ய லயம் இருந்தது, ஆட இந்தச் சரிவான திடல் இருந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு தேதியைத் தவிர அவர் யாரிடமும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

சின்னையன் சுந்தரத்தைப் பார்த்தார். "நீங்கதான் அந்தக் கேப்டனா?"

"ஆமா, அண்ணே."

"இடது கால்ல அஞ்சு பந்து அடிங்க. இங்க ஒரு வாக்குவாதம் பாக்கி நிக்குது."

சுந்தரம் பையைத் திறந்து பந்தை மட்டும் எடுத்தான். வெறுங்காலோடு அடித்தான். முதல் பந்து உள்ளே போனது. இரண்டாவதைச் சின்னையன் பாய்ந்து பிடித்தார். மூன்றாவதையும் பிடித்தார். நான்காவது உள்ளே போனது. ஐந்தாவது கம்பில் பட்டு மரங்களுக்குள் ஓடியது.

"ரெண்டுக்கு ரெண்டு," என்றார் சின்னையன் மூச்சு வாங்கிக்கொண்டு. "தீரலயே."

"அவங்க எல்லாரும் இருந்திருந்தா யாரு ஜெயிச்சிருப்பாங்க?" என்று சுந்தரம் கேட்டான்.

"மாரிமுத்து இருந்தா உங்க காலுக்குப் பந்தே வந்திருக்காது," என்றார். பிறகு நியாயமாக யோசித்து, "வந்திருந்தாலும் வந்திருக்கும். ஆடாம எப்படிங்க சொல்றது?" என்றார்.

6

திங்கட்கிழமை மூன்று கடிதத்தையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்து டைப் அடித்துத் துரையிடம் கொண்டுபோனேன். அவர் பொறுமையாகப் படித்தார், கெட்ட மனிதர் அல்ல.

"வருத்தமான விஷயம்," என்றார். "ஆனால் ஆடாத ஆட்டத்தில் யாரும் தோற்கமுடியாது. அதுவும் தவிர, தோட்டத்து அணிகளோடு நாம் ஆடுவது வழக்கமில்லையே."

ஒரு நாள் முழுவதும் அந்த வார்த்தையில் நான் ஒண்டிக்கொண்டேன். கடிதத்தை நான் பிரித்திருந்தாலும் துரை மறுத்திருப்பார், ஆகவே என் குற்றம் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அதுவும் போய்விட்டது. மாரிமுத்து, முடியாது என்றாவது ஒரு வரிதானே கேட்டார்? அதை எழுத எனக்குத் துரையின் உத்தரவு வேண்டாம். அந்த வரியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். முசிறியில் எனக்குக் கிடைத்த மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

பலகைக்கு எழுதுவதில் எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. என்ன எழுதவேண்டும் என்பதைக் கேப்டனே ஒரு சீட்டில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். பெயின்டர் அதைப் பார்த்துத் தங்க எழுத்தில் எழுதுவார். அந்த வாரம் பெயின்டரான சீனக் கிழவர் ஏணியோடு வந்துவிட்டார். சுந்தரம் சீட்டுக் கொடுக்கவில்லை.

துரை என்னைக் கூப்பிட்டார். நான் மகனைக் கூப்பிட்டேன். மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி வைத்துப் பேசினேன்.

"அந்த வார்த்தை வேண்டாம்னா விடு. பேரை மட்டுமாவது எழுதிக் குடு."

"வேணாம்பா."

"இதுல ஏறுற மொதல் தமிழ்ப் பேருடா."

"அதனாலதான் வேணாங்கறேன்," என்றான். "ஏழு தமிழனுக்குப் பதில் எழுதாம வந்த பேரு. அவங்க வந்து ஆடட்டும். தோத்தா தோத்தோம்னு எழுதுறேன். ஜெயிச்சா ஜெயிச்சோம்னு எழுதுறேன்."

"அவங்க எங்கடா வரப்போறாங்க?"

"அப்ப அது காலியா இருக்கட்டும்."

கெஞ்சினேன், ஏசினேன். அவன் அம்மா அழுதாள். தம்போயில் உள்ள எல்லோரிடமும் அவள் சொல்லி வைத்திருந்தாள். அவன் அசையவில்லை. பிடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? துரைக்கும் கோபம்தான். ஆனால் வழக்கத்தை மீறி அவரே எழுதவும் அவருக்கு மனமில்லை. அந்த வருஷத்து வரியை விட்டுவிட்டு, அடுத்த வருஷத்தை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். பெயின்டர் வருஷத்தை மட்டும் எழுதிவிட்டு ஏணியை மடக்கிக்கொண்டு போனார்.

நான் தினம் அந்த மண்டபத்தைக் கடந்துதான் ஆபீசுக்குப் போகிறேன். மேலே ஒரு பெயர், அதற்குக் கீழே வருஷம் மட்டும், பக்கத்தில் கறுப்பாக ஒரு வெற்றிடம். புதிதாகப் பார்க்கிறவர்கள் அந்த வருஷம் அணியே இல்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். என் மகனின் பெயர் இருக்கவேண்டிய இடம் அது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. முன்பு இளையதம்பி மேல் எரிந்தேன், பிறகு மகன் மேல் எரிந்தேன். இப்போது ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாகத் தமிழ்க் கடிதங்களைப் பிரிக்கிறேன். வேலை இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் என் கையால் ஒரு வரி எழுதிப் போடுகிறேன். துரைக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாடு இறங்குவதில்லை, இறங்காமல் போகட்டும்.

7

இந்தக் குறிப்பை அனுப்புவதற்குக் காரணம் இனிமேல்தான் இருக்கிறது. திருச்சி ஜில்லாவில், துறையூரைச் சுற்றியுள்ள கிராமம் எதிலாவது இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து விசாரிக்கவேண்டும். மலாயாவிலிருந்து சமீபத்தில் கப்பலில் வந்து இறங்கியவர், பெயர் மாரிமுத்து. இடம் பழகாதவராக இருப்பார். ஊரில் அவருக்கு வழி தெரியாது, சொந்தக்காரர் யார் என்றும் தெரியாது. பேச்சில் மலாய் வார்த்தை வரும், கேலி செய்யாதீர்கள். உங்கள் ஊர்ப் பொட்டலில் சாயங்காலம் யாராவது பந்து உதைத்தால் ஓரமாக வந்து நின்று பார்ப்பார் என்று நினைக்கிறேன். கண்டால் அவருக்கு இதற்குக் கீழே உள்ளதைப் படித்துக் காட்டுங்கள். இது அவருடைய கடிதத்துக்குப் பதில், வருவதற்கு இத்தனை நாளாகிவிட்டது.

செடெனாக் தோட்டம் பந்து டீம் கேப்டன் மாரிமுத்து அவர்களுக்கு, காலேஜ் குமாஸ்தா எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் மூன்றும் கிடைத்தன. பூட்ஸ் ஒரு காரணமே இல்லை. சின்னையனும் எங்கள் கேப்டனும் ரெண்டுக்கு ரெண்டில் நிற்கிறார்கள், வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. பலகையில் உங்களுக்காக ஒரு வரி எழுதாமல் விட்டிருக்கிறது. எங்களுக்குத் தேதி காலியாகத்தான் இருக்கிறது, அப்போதும் காலியாகத்தான் இருந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நீங்கள் சொல்லுங்கள்.